பழைய ஆம்னிக்கு இன்ஜெக்‌ஷனா, டர்போவா, இல்லை கார்பரேட்டரே போதுமா?

பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் பழைய கார்பரேட்டர் வைத்த மாருதி ஆம்னி வேனை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் கடலூர், பாண்டி பக்கம் நிறையப் பேர். முதுநகரில் மீன் கூடை ஏற்றுகிறவர், பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் கொண்டுபோகிறவர், ஞாயிற்றுக்கிழமை வண்டியை நோண்டுவதற்காகவே ஒன்றை வாங்கிப் போட்டிருக்கும் பையன்கள் என்று ஆட்கள் வேறு வேறு. ஆனால் கேட்பது ஒன்றுதான்: "எம்.பி.எஃப்.ஐ.க்கு மாத்திடலாமா? மாத்துறதோட மாத்துறதா ஒரு டர்போவும் போட்டுடலாமா?"

இதில் இரண்டு முடிவுகள் ஒன்றாகச் சேர்ந்து கிடக்கின்றன. இன்ஜெக்‌ஷன் என்பது பெட்ரோலை அளந்து கொடுக்கும் வேலை. எம்.பி.எஃப்.ஐ. என்பது சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் வைத்து அதைச் செய்யும் முறை. டர்போ என்பது காற்றை அழுத்தித் திணிக்கும் வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்யாமலே விட்டுவிடலாம், ஒரு நஷ்டமும் இல்லை. முதலாவது இல்லாமல் இரண்டாவதில் இறங்கினால் வம்புதான். அதனால் தனித்தனியாகவே பார்ப்போம்.

வண்டியில் இருக்கும் இன்ஜின் சுஸுகியின் எஃப்8பி. 796 சி.சி., மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு, பெல்ட்டில் ஓடும் ஒற்றை கேம். போர் (சிலிண்டரின் விட்டம்) 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 72 மி.மீ. சக்தி 37 குதிரைத்திறன் அளவில். 1984இல் மாருதி வேன் என்று வந்தபோதும் இதே இன்ஜின் குடும்பம்தான், 2019இல் ஆம்னி தயாரிப்பு நின்றபோதும் இதேதான். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது கம்பெனியே கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு எம்.பி.எஃப்.ஐ. போட்டது. அதாவது நாம் செய்ய நினைப்பதில் பாதியைக் கம்பெனி ஏற்கெனவே செய்து, சாலையில் லட்சக்கணக்கான வண்டிகளில் ஓட்டிக் காட்டிவிட்டது. இதை மறந்துவிட்டு இணையத்தில் வெளிநாட்டுக் கிட் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

கார்பரேட்டரை வைத்துக்கொள்வது

முதலில் அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். கடலூர் கடல் மட்டத்தில் இருக்கும் ஊர். ஊட்டிக்கு ஏறும்போது காற்று மெலிந்து கார்பரேட்டர் திணறுமே, அந்தப் பிரச்சினை இங்கே கிடையாது. கேப்பர் மலை ஏற்றத்தை விட்டால் பாண்டி வரைக்கும் சாலை தட்டையாகவே போகிறது. நடுவழியில் நின்றாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் காற்றும் இருந்தால் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை ஊதிப் போட்டுக் கிளம்பிவிடலாம். கார்பரேட்டர் கைப்பழக்கம் உள்ள பெரியவர் ஒருவராவது இன்னும் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

ஆனால் பங்க்கில் வரும் பெட்ரோல் மாறிவிட்டது. இந்த கார்பரேட்டரின் ஜெட் அளவுகள் சுத்தப் பெட்ரோலுக்கு வைத்தவை. இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20க்குக் கணக்குப் போட்டால் 13.5 கிலோ அளவில் வருகிறது. ஆனால் ஜெட் பழைய கணக்கிலேயே பெட்ரோலை விடுகிறது. கலவை காய்ந்துபோகிறது, அதாவது காற்று கூடி, பெட்ரோல் குறைந்துபோகிறது. மிதித்தால் ஒரு கணம் தயங்கி அப்புறம் எடுப்பது, நெடுஞ்சாலையில் லோடோடு போகும்போது சூடு ஏறுவது, காலையில் சோக் இழுத்தும் அடம்பிடிப்பது எல்லாம் இதிலிருந்துதான். போதாததற்கு, எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃபிரத்தையும் அரிக்கும், கடற்கரை ஈரத்தை இழுத்து டேங்குக்குள் துருவையும் கிளப்பும்.

இன்னொன்று, வெயில் காலத்தில் மட்டும் தெரிகிற ஒன்று. ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். பெட்ரோல் பம்ப் மெக்கானிக்கல், அதுவும் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு கொதிக்கிறது. டேங்கிலிருந்து அது பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் பைப்பில் அழுத்தம் குறைவு, சூடு அதிகம், எத்தனால் கொதிப்பதோ 78 டிகிரியில். அக்னி நட்சத்திரத்தில் மஞ்சக்குப்பம் சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றால் பைப்புக்குள் ஆவி அடைத்து வண்டி நின்றுவிடும். ஈரத்துணி போட்டு, பத்து நிமிடம் காத்திருந்து கிளப்புவது இந்த வண்டிக்காரர்களுக்குப் பழகிப்போன சடங்கு.

கார்பரேட்டரிலேயே தொடர விரும்பினால் எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களாக மாற்றுங்கள், பம்ப் டயாஃபிரத்தையும் கார்பரேட்டர் கிட்டையும் புதிதாகப் போடுங்கள், மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்குங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடியும். மாதத்துக்கு நாலு தடவை எடுக்கிற வண்டிக்கு இதற்கு மேல் செலவு செய்வது வீண் என்பது என் கருத்து.

கம்பெனி எம்.பி.எஃப்.ஐ. சாமான்களை மாற்றிப் போடுவது

தினமும் ஓட வேண்டிய வண்டி என்றால் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. சென்னைப் புதுப்பேட்டையில் எம்.பி.எஃப்.ஐ. ஆம்னியின் கழற்றிய சாமான் கிடைக்கும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். நாளைக்கு ஒரு சென்சார் போனால் திருப்பாதிரிப்புலியூர் கடையிலேயே வாங்கிவிடலாம். எந்த மாருதி மெக்கானிக்கும் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

மாற்றம் எங்கே தெரியும் என்றால், சோக் இழுக்காமல் காலையில் பிடிக்கும். பம்ப் டேங்குக்குள் இருந்துகொண்டு 3 பார் அளவு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் பைப்புக்குள் ஆவி அடைக்க வழியில்லை, ஈரத்துணி வேலை ஒழிந்தது. சைலன்ஸர் பைப்பில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் கலவை காய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதால் இ20யின் வித்தியாசத்தை இன்ஜெக்டர்களை ஆட்டுவிக்கும் கணினிப் பெட்டியான ஈ.சி.யூ. தானே சரிக்கட்டிவிடும். ஆக்ஸிலரேட்டரை விட்டு இறக்கத்தில் உருளும்போது பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். மைலேஜ் கொஞ்சம் கூடும். இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் அவரிடம் சாமான் வாங்காதீர்கள். சக்தி அதிகமாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எம்.பி.எஃப்.ஐ. ஆம்னியும் இதே முப்பத்தைந்து சொச்சம்தான்.

சிரமம் மெக்கானிக்கல் வேலையில் இல்லை, வயரிங்கில் இருக்கிறது. வயரிங்கை நடுவில் வெட்டி எடுத்து வந்து முறுக்கி டேப் சுற்றினால் கடலூர் உப்புக் காற்று ஒரு வருடத்துக்குள் பச்சை பூக்கவைத்துவிடும். கனெக்டரோடு முழு ஹார்னஸாக, அதாவது முழு வயர் கட்டாக, வாங்க வேண்டும். ஈ.சி.யூ.வை உயரத்தில், டேஷ்போர்டுக்குப் பின்னால் கட்ட வேண்டும். 2015 வெள்ளத்தையும், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரை புரண்டதையும் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. டேங்கையும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள். பழைய டேங்கை ஓட்டை போட்டுப் பம்ப் இறக்குவது பெட்ரோல் வாசனையோடு காலம் தள்ளுகிற வேலை.

ஹெட்டும், அதற்குக் காற்றைக் கொண்டுவரும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டும் ஒரே இன்ஜினிலிருந்து வரட்டும். மேனிஃபோல்டை மட்டும் வாங்கினால் கேஸ்கட்டை வைத்துத் துளைகள் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். ஆல்ட்டோவின் 12 வால்வு இன்ஜினும் 796 சி.சி.தானே, 47 குதிரைத்திறன் வேறு, அதையே போட்டால் என்ன என்று கேட்பார்கள். அது முன்சக்கர வண்டிக்காக குறுக்கே உட்காரும் இன்ஜின். ஆம்னியில் நெடுக்காகப் படுத்துப் பின்சக்கரத்தை ஓட்ட வேண்டும். மவுண்ட், மேனிஃபோல்டு, சைலன்ஸர் வழி எல்லாம் மாறும். லேத்தில் நண்பர் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

சொந்தமாக ஈ.சி.யூ. வைத்து இன்ஜெக்‌ஷன் கட்டுவது

நோண்டுகிற பையன்களுக்கு இதுதான் பிடித்தமான வழி. 2001இல் அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் தொடங்கிய மெகாஸ்குவிர்ட், அதற்குப் பிந்தி ஆர்டுயினோ மெகா பலகையில் ஓடும்படி வந்த ஸ்பீடுயினோ ஆகியவை கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன. மேனிஃபோல்டு அழுத்தம், காற்றின் சூடு, தண்ணீரின் சூடு, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, கிராங்க் எந்த இடத்தில் இருக்கிறது ஆகியவற்றைப் படித்து, எவ்வளவு நேரம் இன்ஜெக்டர் திறந்திருக்க வேண்டும் என்று ஓர் அட்டவணையிலிருந்து கணக்கிடுவதுதான் அதன் வேலை. அட்டவணையை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல காலம் வந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததிலிருந்து பைக்குகளும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. விபத்தில் நொறுங்கிய 200, 250 சி.சி. பைக்கின் இன்ஜெக்டர் இப்போது பழைய சாமான் கடைகளில் கிடைக்கிறது. எஃப்8பியின் ஒரு சிலிண்டர் 265 சி.சி. தான், அளவு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஊகத்தில் விடாமல் கணக்குப் பாருங்கள். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 230 கிராம் பெட்ரோல் என்று வைத்தால் 37க்கு எட்டரைக் கிலோ. மூன்றாகப் பிரித்தால் ஓர் இன்ஜெக்டருக்கு மணிக்கு 2.8 கிலோ. நிமிடத்துக்கு 63 மில்லி. இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 80 மில்லி இன்ஜெக்டர் வேண்டும். டர்போ போட்டு 55 குதிரைத்திறன் எதிர்பார்த்தால், கலவையும் கொழுப்பாக (பெட்ரோல் கூடுதலாக) வைக்க வேண்டும் என்பதால் குதிரைத்திறனுக்கு 270 கிராம் என்று போடுங்கள்; 140 மில்லி வருகிறது. பாட்டிலில் பிடித்து அளந்து பார்க்காமல் எந்தப் பழைய இன்ஜெக்டரையும் பூட்டாதீர்கள். மூன்றும் ஒரே அளவு விட வேண்டும்.

கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்றைக் குறைத்த சக்கரம் வெட்டிப் பூட்டுவது, சென்சாருக்கு பிராக்கெட் செய்வது போன்றவற்றை பாண்டி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் முடித்துவிடலாம். கலவை எவ்வளவு காய்ந்திருக்கிறது, எவ்வளவு கொழுத்திருக்கிறது என்று எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் கட்டாயம். அது இல்லாமல் அட்டவணை நிரப்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பது மாதிரி. டியூனிங்குக்கு டைனோ (வண்டியை நிறுத்திவைத்தே ஓட்டிச் சக்தியை அளக்கும் மேடை) வேண்டுமென்றால் சென்னைக்கோ கோவைக்கோ போக வேண்டும்.

வேலைக்கு ஓடும் வண்டியில் இதைக் கட்டாதீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் டிரைவர் சிதம்பரத்தில் நின்றுகொண்டு போன் செய்வார். லேப்டாப்போடு நீங்கள் போனால்தான் வண்டி கிளம்பும்.

டர்போ

இன்ஜினின் கம்ப்ரெஷன், அதாவது கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கணக்கு, ஒன்பதுக்குக் கொஞ்சம் கீழே. டர்போவுக்கு மோசமில்லாத தொடக்கம். பூஸ்ட் என்பது டர்போ கூட்டும் காற்றழுத்தம். 0.4 பார் பூஸ்ட் என்றால் காற்று ஏட்டில் 40 சதவீதம் கூடுகிறது. அழுத்தும்போது சூடாவது, எக்ஸாஸ்ட் அடைப்பு எல்லாம் போகக் கையில் நிற்பது 25, 30 சதவீதம். 37 குதிரை 47, 48 ஆகும். 55க்குப் போக வேண்டுமென்றால் பூஸ்ட்டையும் ஏற்ற வேண்டும், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் வேண்டும். சுஸுகியே இதே குடும்பத்து 660 சி.சி. எஃப்6ஏ இன்ஜினுக்கு ஜப்பானில் டர்போ போட்டு 64 குதிரைத்திறன் எடுத்தது, எவரி வேனிலும் அது வந்தது. ஆனால் அந்த இன்ஜினை டர்போவுக்கென்றே தயார் செய்தார்கள். நம்மிடம் இருப்பது வார்ப்பு பிஸ்டன், லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ரிங், எப்போது போட்டது என்று தெரியாத ஹெட் கேஸ்கட்.

டர்போ எங்கே கிடைக்கும்? பழைய 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்டின் சின்ன டர்போதான் எல்லாருடைய கண்ணிலும் படும், மலிவும்கூட. செலெரியோ காரின் 793 சி.சி. டீசலிலும் ஒன்று இருக்கிறது. இரண்டும் டீசல் சூட்டுக்குச் செய்தவை. பெட்ரோல் இன்ஜினின் எக்ஸாஸ்ட் முழு மிதியில் 900 டிகிரிக்கு மேல் போகும், டீசலில் அந்தச் சூடு வராது. கொழுத்த கலவையும் சின்ன பூஸ்ட்டுமாக ஓட்டினால் தாங்கும். பைபாஸில் வில்லியனூர் வரை மிதித்துக்கொண்டே போனால் தாங்காது.

கார்பரேட்டரை வைத்துக்கொண்டே டர்போ போடலாமே என்பவர்களுக்கு ஒரு பதில் போதும். மெக்கானிக்கல் பம்ப்பின் அழுத்தம் 0.3 பார்கூட இருக்காது. மேனிஃபோல்டில் 0.4 பார் ஏறினால் பெட்ரோல் கார்பரேட்டருக்குள் வரவே வராது. பம்ப், ரெகுலேட்டர், மிதவை என்று ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கும்போது இன்ஜெக்‌ஷன் செலவைத் தொட்டிருப்பீர்கள்.

தீப்பொறி நேரமும் இருக்கிறது. பூஸ்ட் ஏற ஏறப் பொறியைப் பின்தள்ள வேண்டும், 0.4 பாருக்கு ஐந்தாறு டிகிரி என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் டப்பாவுக்கு இது தெரியாது. ஆகவே பொறியையும் ஈ.சி.யூ.தான் பார்க்க வேண்டும், அதாவது டர்போ என்றால் மேலே சொன்ன சொந்த ஈ.சி.யூ. வழி கட்டாயமாகிறது. கம்பெனி ஈ.சி.யூ. பூஸ்ட்டைப் புரிந்துகொள்ளாது. இங்கே இ20 கொஞ்சம் கைகொடுக்கிறது; எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கவும் செய்யும், கலவை நேரம் தவறித் தானாக வெடிக்கும் நாக்கிங் தள்ளிப்போகும். கார்பரேட்டர்காரருக்குத் தொந்தரவாக இருந்த அதே பெட்ரோல் டர்போக்காரருக்கு உதவி.

என்னை மிகவும் தயங்கவைப்பது இடம்தான். டர்போவின் செக்கச் சிவந்த எக்ஸாஸ்ட் கூடு டிரைவரின் தொடைக்குக் கீழே ஒரு சாணில். ஆயில் பைப் கசிந்தால் சொட்டுவது அதன் மேல். இன்டர்கூலருக்குக் காற்று படும் இடம் வண்டியில் எங்கே? கீழே தொங்கவிட்டால் ஸ்பீடு பிரேக்கர் முதல் வேலையாக அதைப் பறிக்கும். இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்தாலும் சக்கரம் 12 அங்குலம், பின்னால் டிரம் பிரேக், கியர் நாலு, முன்னால் மோதினால் காலுக்கும் எதிர் வண்டிக்கும் நடுவில் ஒரு தகடு. இந்த வண்டிக்கு வேகம் குறைவாக இருப்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் இந்தச் சூட்டுத் தொல்லை இல்லாதது. ஆனால் சீட்டுக்கு அடியில் அதை நிறுத்தவும் பெல்ட்டை நேர்க்கோட்டில் ஓட்டவும் இடம் காண்பது கஷ்டம், நம் பக்கம் பழைய சாமானாக அகப்படுவதும் அரிது.

பூஸ்ட் ஆசை விடவில்லை என்றால் அதை ஒரு மாருதி ஜிப்ஸி ஜீப்பில் தீர்த்துக்கொள்ளலாம். பானட் இருக்கிறது, முன்னால் காற்று இருக்கிறது. அதிலும்கூட முதலில் நான் சொல்வது வேறு. கார்பரேட்டர் ஜிப்ஸி கிங்கின் 1.3 இன்ஜின் 60 குதிரைத்திறன். அதே ஜிப்ஸியில் பிறகு வந்த 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் 80. டர்போவே இல்லாமல் இருபது குதிரை, அதுவும் கம்பெனி உறுதியோடு. ஆம்னியில் நாம் தலைகீழாக நின்று எடுப்பதைவிட அதிகம்.

ஆர்.சி. புத்தகம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உரிமையாளர் தலையிலேயே பொறுப்பை வைத்தார்கள். டிஎன் 31 ஆனாலும் பிஒய் 01 ஆனாலும் சட்டம் ஒன்றுதான். எல்லை தாண்டினால் மாறுவது முள்ளோடை பங்க்கில் பெட்ரோல் விலை மட்டும்.

முழு இன்ஜினை மாற்றினால் இன்ஜின் எண் மாறும், ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். பழைய பிளாக்கை வைத்துக்கொண்டு அதன் மேல் கம்பெனி எம்.பி.எஃப்.ஐ. சாமானைப் பூட்டினால் எண்ணும் சி.சி.யும் எரிபொருளும் அப்படியே இருக்கும். அதற்காக அது மாற்றம் இல்லை என்று ஆகிவிடாது, முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டர்போவை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். விபத்து நடந்து சர்வேயர் சீட்டைத் தூக்கிப் பார்த்தால் இன்ஷூரன்ஸ் பணம் கேள்விக்குறிதான். எனவே டர்போ ஆம்னி சொந்த நிலத்துக்கும் ரேஸ் டிராக்குக்கும் உரியது. சட்டம் வெளிப்படையாக இடம் கொடுத்திருப்பது அங்கீகாரம் பெற்ற எல்.பி.ஜி., சி.என்.ஜி. கிட்டுக்கு. அதில் சக்தி இன்னும் கொஞ்சம் குறையும், சரக்கு வைக்கும் இடத்தை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும்.

யார் எதை எடுப்பது

மாதம் சில தடவை எடுக்கிற வண்டிக்கு ஜெட்டையும் ஹோஸையும் மாற்றிக்கொண்டு கார்பரேட்டரே போதும். தினமும் லோடு அடிக்கிற வண்டிக்குக் கம்பெனி எம்.பி.எஃப்.ஐ., ஆனால் பாடி துருப்பிடிக்காமல் இருந்தால் மட்டும். கதவுக்குக் கீழே விரல் போகும் ஓட்டை இருந்தால் அந்தப் பணத்தை இதில் போடாதீர்கள். லோடோடு ஏற்றத்தில் இழுக்கவில்லை என்பதுதான் குறை என்றால், விற்றுவிட்டு 1.2 லிட்டர் ஈகோ சரக்கு வண்டியைப் பழையதாகப் பாருங்கள். டர்போ மாற்றத்துக்கு ஆகும் மொத்தச் செலவு பழைய ஆம்னியின் விலையையே தொட்டுவிடும், அதோடு கொஞ்சம் சேர்த்தால் ஈகோ வந்துவிடும். கற்றுக்கொள்வதற்காகச் செய்கிறவர்கள் சொந்த ஈ.சி.யூ.வில் இறங்கி, டர்போ இல்லாமல் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஓட்டிய பிறகு பூஸ்ட்டைப் பற்றிப் பேசுங்கள். முதல் ஆறு மாதத்தில் வரும் கோளாறு இன்ஜெக்‌ஷனாலா டர்போவாலா என்று தெரியாமல் திண்டாடுவதுதான் இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்களின் பாடு.

புதுப்பேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. பின்னாளில் வந்த மாருதிகளில் ஐ-கேட்ஸ் என்ற திருட்டுத் தடுப்பு உண்டு. சாவிக்குள் இருக்கும் சில்லு ஈ.சி.யூ.வுடன் ஒத்துப்போனால்தான் இன்ஜின் பிடிக்கும். ஈ.சி.யூ.வை மட்டும் பேரம் பேசி வாங்கி வந்தால் அது வெறும் டப்பா. ஈ.சி.யூ., இம்மொபிலைசர் பெட்டி, சாவி மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வந்தவையா என்று கேட்டு, கடைக்காரரையே பேட்டரி கொடுத்து விளக்கு அணைகிறதா என்று காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தை எடுங்கள்.